சம்பளம் கொடுப்பவனே தளபதி

‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ விளையாடப் புதிதாக உட்காருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, எந்த வாள் நல்ல வாள் என்பது. அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது: அடுத்த வாரச் சம்பளத்துக்குக் கையில் எவ்வளவு தேறும்?

அதைக் கேட்காதவர்கள் படும் பாடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கிடைக்கும் புள்ளிகளையெல்லாம் பலத்தில் கொட்டி ஒரு பெரிய வீரனை உருவாக்குவார்கள். நாலு கிராமம் சுற்றிப் பதினைந்து இருபது பேரைத் திரட்டுவார்கள். உற்சாகத்தில் வடக்குக் கடற்கரைப் பக்கம் போவார்கள். அங்கே இரும்புச் சட்டையும் கேடயமும் எறிகோடாரியுமாக நாற்பது கடற்கொள்ளையர்கள் நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் படை அழிந்துவிடும், வீரன் கைதியாகிவிடுவான். தப்பித்து வெளியே வரும்போது பணத்தில் ஒரு பங்கும் போயிருக்கும். இரண்டு முறை இப்படி நடந்தால், “கஷ்டமான கேம்” என்று மூடிவைத்துவிடுவார்கள்.

உண்மையில் இது கடுமையான விளையாட்டு அல்ல. இடைக்காலப் போர் எதை நம்பி நடந்ததோ அதை நம்பியே நடக்கிற விளையாட்டு. சோறு, சம்பளம், காயத்துக்கு மருந்து, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும் ஆட்கள். இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரை உருவாக்கிவிட்டால் வாள் தானாக வந்து சேரும்.

துருக்கியின் அங்காராவில் அர்மகான் யாவுஸ், இபெக் யாவுஸ் தம்பதியர் தொடங்கிய முயற்சி இது. பிறகு டேல்வேர்ல்ட்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. முதல் ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ 2008இல் வந்தது, ‘வார்பேண்ட்’ 2010இல். கால்ராடியா என்ற கற்பனை நிலப்பரப்பில் ஆறு அரசுகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும். அங்கே ஊர் பேர் தெரியாத ஒருவராக நீங்கள் போய் இறங்குகிறீர்கள். முடிக்க வேண்டிய கதை என்று எதுவும் கிடையாது. கொள்ளையரை வேட்டையாடலாம், வணிகம் செய்யலாம், ஓர் அரசரிடம் சேரலாம், நீங்களே அரியணை ஏறலாம்.

நம் வாசகர்களில் பலர் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடியிருப்பார்கள். 2022இல் அதில் திராவிடர் என்ற பிரிவும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் சேர்க்கப்பட்டபோது இங்கே நல்ல வரவேற்பு இருந்தது. அந்த வகை ஆட்டத்தில் வானத்திலிருந்து பார்த்துப் படையை நகர்த்துவோம். வார்பேண்டில் அந்த உயரம் கிடையாது. குதிரை மேல் உட்கார்ந்தால் என்ன தெரியுமோ அதுதான் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதை மேடேறித்தான் பார்க்க வேண்டும். ஆள் வேறு, படை வேறு என்று பிரிக்க முடியாதபடி இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆளை உருவாக்குவது

தொடக்கத்தில் சில கேள்விகள் வரும். அப்பா யார்? நொடித்துப்போன பிரபுவா, ஊர் ஊராகப் போகும் வணிகரா, பழைய போர்வீரரா, வேட்டைக்காரரா, புல்வெளி நாடோடியா, திருடரா? நீங்கள் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள்? ஒவ்வொரு பதிலும் சில புள்ளிகளைக் கூட்டும். பிரபு வீட்டுப் பிள்ளையாகத் தொடங்கினால் கொஞ்சம் புகழும் சொந்தக் கொடியும் முதலிலேயே கிடைக்கும். பெண்ணாக ஆடினால் அரசர்களும் பிரபுக்களும் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கதை அதனால் ஆழமாகிறது, ஆனால் முதல் ஆட்டத்துக்கு அது கூடுதல் சுமைதான்.

அடிப்படைக் குணங்கள் நான்கு: பலம், சுறுசுறுப்பு, அறிவு, வசீகரம். இவற்றின் கீழே ஏராளமான திறமைகள். இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஒரு திறமை எவ்வளவு உயரலாம் என்பதை அதன் தாய்க் குணம் தீர்மானிக்கிறது. குணத்தை மூன்றால் வகுத்தால் வருவதுதான் உச்சவரம்பு. வசீகரம் 12 இருந்தால் தலைமைத் திறமை 4 வரை போகலாம். 11 இருந்தால் 3 தான். ஆகவே 10, 11 என்று பாதியில் நிறுத்துவது வீண். 9, 12, 15 என்று மூன்றின் மடங்குகளைக் குறிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு குணப் புள்ளி, ஒரு திறமைப் புள்ளி, பத்து ஆயுதப் புள்ளிகள் கிடைக்கும். அறிவில் ஒரு புள்ளி போட்டால் மட்டும் அதோடு கூடுதலாக ஒரு திறமைப் புள்ளியும் வரும். அறிவை முதலில் ஏற்றச் சொல்வது இந்தக் கணக்கால்தான். பலத்தில் போட்டது அடிக்கு உதவும், அறிவில் போட்டது எல்லாவற்றுக்கும் உதவும்.

வசீகரத்தைப் புதியவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. என் பார்வையில் இந்த ஆட்டத்தின் அச்சாணியே அதுதான். உங்களோடு எத்தனை பேர் வரலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அடிப்படையாக 30 பேர். தலைமைத் திறமை ஒவ்வொரு படிக்கும் ஐந்து பேர். வசீகரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருவர். சேர்த்த புகழில் ஒவ்வொரு 25க்கும் ஒருவர். வசீகரம் 12, தலைமை 4, புகழ் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 30, 20, 12, 8, மொத்தம் 70 பேர். அதே லெவலில் எல்லாவற்றையும் பலத்தில் போட்டவர் நாற்பது பேரை வைத்துக்கொண்டு திண்டாடுவார். போதாக்குறைக்குத் தலைமைத் திறமை ஒவ்வொரு படிக்கும் சம்பளச் செலவை ஐந்து சதவீதம் குறைக்கிறது, படையின் மனவுறுதியையும் ஏற்றுகிறது. எழுபது பேருக்கு வாராவாரம் படியளக்கும்போதுதான் அந்த ஐந்து சதவீதத்தின் அருமை தெரியும்.

அப்படியானால் வாள்வீச்சு வேண்டாமா? வேண்டும், அளவோடு. ஒவ்வொரு படிக்கும் கைச்சண்டை அடியின் சேதத்தை எட்டு சதவீதம் கூட்டும் வல்லடித் திறமையில் மூன்று படி, குதிரைச் சவாரியில் மூன்று அல்லது நான்கு, கேடயத்தில் இரண்டு. முதல் பத்து லெவலுக்கு இது போதும். சண்டையில் திறமைப் புள்ளியைவிடக் கைப்பழக்கம் பெரியது. வெட்டுவதற்கும் தடுப்பதற்கும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகள். எதிரி எந்தத் தோளுக்கு மேல் ஓங்குகிறான் என்று பார்த்து அதே திசையில் தடுக்கப் பழக வேண்டும். நகரத்து அரங்கில் நாலைந்து நாள் அடிவாங்கினால் கை தானாகப் போகும். அதுவரை, உங்கள் மேல் விழும் அடியின் அளவை அமைப்புகளில் குறைத்து வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

சாகாத தோழர்கள்

நகரங்களின் மதுச்சாலைகளில் தோழர்கள் கிடைப்பார்கள். வார்பேண்டில் மொத்தம் 16 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், கதை, கோபதாபம் எல்லாம் உண்டு. இவர்களுக்கு இருக்கும் ஒரு சலுகை வேறு எந்தச் சிப்பாய்க்கும் கிடையாது: எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் இவர்கள் சாவதில்லை, மயங்கி விழுவார்கள், அவ்வளவுதான். சிப்பாய் மேல் போட்ட உழைப்பு ஓர் அம்பில் போய்விடும். தோழர் மேல் போட்டது கடைசிவரை நிற்கும்.

அதனால் அறிவு சார்ந்த வேலைகளைத் தோழர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். மருத்துவம், வழியறிதல், தொலைநோட்டம், பொறியியல் போன்றவை குழுத் திறமைகள். குழுவில் யாருக்கு அது அதிகமோ அவருடையதே எல்லாருக்கும் பயன்படும். எல்லாருக்கும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் என்று தெளித்தால் ஒன்றும் உருப்படாது. ஜெரமஸ் என்ற மருத்துவர் எந்த ஊரில் தென்பட்டாலும் யோசிக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டியவர். அவருக்கு வரும் புள்ளிகளை அறிவிலும், அறுவை சிகிச்சை, காயச் சிகிச்சை, முதலுதவி ஆகியவற்றிலும் மட்டுமே போடுங்கள். முற்றுகைக் காலம் வரும்போது ஆர்ட்டிமெனர் என்ற பொறியாளர் தேவைப்படுவார். அப்பா பேசிய கல்யாணத்துக்கு உடன்படாமல் ஓடிவந்த யிமிரா என்ற பெண் முதல் லெவலில், போர்ப் பயிற்சி அதிகம் இல்லாமல் வருவாள். பலர் அவளை வேண்டாமென்று விடுவது எனக்கு வருத்தம். கிட்டத்தட்ட வெற்றுப் பலகையாக வருவதால் அவளை எந்த வேலைக்கும் வளர்த்தெடுக்கலாம்.

அறுவை சிகிச்சை ஏன் அவ்வளவு முக்கியம்? அதன் ஒவ்வொரு படியும், விழுந்த சிப்பாய் சாகாமல் காயத்தோடு பிழைக்கும் வாய்ப்பை நான்கு சதவீதம் கூட்டுகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஒரு கிராமத்துப் பையனைக் கனரகக் குதிரை வீரனாக்க எத்தனை சண்டைகள் ஆகின்றன என்று யோசித்தால் அதன் மதிப்பு புரியும். நல்ல மருத்துவர் இல்லாத படை ஓட்டைக் குடம் மாதிரி. மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே வழிந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு தோழருக்கும் பிடிக்காத இருவர் இருப்பார்கள், பிடித்த ஒருவரும் உண்டு. பிடிக்காதவர்களைக் கூடவே வைத்தால் முறையிடுவார்கள், கடைசியில் விலகியும் போவார்கள். கிராமத்தைக் கொள்ளையடிப்பதும் சிலருக்கு ஆகாது. ஆகவே பதினாறு பேரையும் சேர்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒத்துப்போகும் ஆறேழு பேரோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

படை திரட்டுதல்

கிராமத்தில் ஓர் ஆளைச் சேர்க்க 10 தினார். கையில் தடியும் கிழிந்த சட்டையுமாக வருவார்கள். இவர்கள் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்து எதிர்காலம் மாறும். ஸ்வேடியர்கள் கனரகக் குதிரை வீரர்களாவார்கள்; சமவெளியில் அவர்களுக்கு நிகரில்லை. நார்டுகளிடம் சொல்லிக்கொள்ளும்படி குதிரைப்படை இல்லை, ஆனால் அவர்களின் ஹஸ்கார்ல் காலாட்கள் கோட்டை மதிலில் ஏறினால் தடுப்பது கடினம். ரோடாக்குகள் மலைநாட்டவர்; ஈட்டியும் குறுக்குவில்லும் அவர்கள் பலம். வேகிர்களிடம் சிறந்த வில்லாளிகள். கெர்கிட்டுகள் குதிரைமேல் இருந்தே அம்பெய்யும் புல்வெளிக்காரர்கள். வெட்டவெளியில் பேய்கள், கோட்டை முற்றுகையில் குதிரை உதவாததால் பலவீனர்கள். சாரனிட்டுகள் பாலைவனத்தவர், எல்லாவற்றிலும் கொஞ்சம்.

முதல் ஆட்டத்துக்கு ஸ்வேடியப் பக்கம் தொடங்கச் சொல்வேன். ஒரே நாட்டிலிருந்து குதிரைவீரர், காலாள், குறுக்குவில்லாளர் மூன்றும் தேறுவார்கள். ஒரு வகையினரை மட்டும் நம்புவது எந்த நாட்டிலும் ஆபத்து. குதிரைப்படைதான் அழகு என்று அதை மட்டுமே வளர்ப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள்: மதிலடியில் ஒருமுறை, சம்பளப் பட்டியலில் ஒருமுறை. குதிரைவீரருக்குச் சம்பளம் கூடுதல்.

சேர்த்த ஆட்களை உடனே சண்டைக்கு இழுத்துப் போகாதீர்கள். பயிற்சி என்ற திறமை உங்களிடமோ தோழரிடமோ இருந்தால், ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் அவரைவிடத் தாழ்ந்த லெவல் சிப்பாய்களுக்குத் தானாக அனுபவம் ஏறும். குழுத் திறமைகள் போலல்லாமல் இதில் ஒவ்வொருவருடைய பங்கும் தனித்தனியாகச் சேரும். மூன்று பேரிடம் இருந்தால் மூன்று மடங்கு வேலை. நாலு நாள் வெறுமனே ஊர் சுற்றினாலும் காலையில் எழுந்து பார்த்தால் பத்துப் பேர் அடுத்த நிலைக்குத் தயாராக இருப்பார்கள். நடுவே, கல்லெறிந்து சண்டையிடும் சில்லறைக் கொள்ளையர் கூட்டங்களைத் துரத்துங்கள். ஆள் இழப்பு அதிகம் இருக்காது.

சாப்பாட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரொட்டி மட்டும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டால் வயிறு நிறையும், மனம் நிறையாது. மீன், பாலாடைக்கட்டி, தேன், இறைச்சி என்று வகை கூடக் கூட மனவுறுதி ஏறும். படை பெரிதாகும்போது மனவுறுதி தானாக இறங்கும் என்பதால், ஆட்களைக் கூட்டும்போதெல்லாம் சாப்பாட்டு வகையையும் கூட்ட வேண்டும்.

மேட்டில் நிற்பது

இனி அந்தக் கடற்கொள்ளையர்களிடம் வரலாம். முப்பது பேர் கொண்ட உங்கள் படை, எதிரே நாற்பது பேர். சண்டைக்களம் திறந்ததும் முதலில் சுற்றிப் பாருங்கள். மேடு எங்கே இருக்கிறது? பூஜ்யத்தை அழுத்தி எல்லாரையும் தேர்ந்தெடுங்கள். எஃப் 1 விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு கொடி தோன்றும். அதை மேட்டின் நெற்றியில் ஊன்றுங்கள். பிறகு 2 அழுத்தி வில்லாளர்களைக் காலாட்களுக்குப் பத்தடி பின்னால், இன்னும் உயரமான இடத்துக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான், இப்போதைக்கு யாரும் அசையக் கூடாது.

கொள்ளையர்களிடம் குதிரை கிடையாது. அவர்கள் கேடயத்தை முன்னால் பிடித்தபடி மேடேறுவார்கள். அம்புகள் கேடயத்தில் குத்தி நிற்கும், ஆள் விழமாட்டான். அங்கேதான் உங்களுக்கு வேலை. தனியாகக் குதிரையில் இறங்கி, எறிகோடாரி எட்டாத தூரத்தில் அரைவட்டமாக அவர்களுக்குப் பின்னால் போங்கள். முன்வரிசையில் பலர் உங்களை நோக்கித் திரும்புவார்கள், கேடயமும் கூடவே திரும்பும். அவர்களின் முதுகு இப்போது உங்கள் வில்லாளர்களுக்குத் திறந்து கிடக்கும். இரண்டு சுற்று இப்படி ஓடினால் கூட்டம் பாதியாகிவிடும். மிச்சம் பேர் மேட்டை நெருங்கும்போது காலாட்களை இறக்குங்கள். சரிவில் வேகம் பிடிக்கும் உங்கள் ஆட்களுக்கு அடி பலமாக விழும்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, எதிரி பின்வாங்குவதுபோலத் தெரிந்ததும் “எல்லாரும் பாயுங்கள்” என்று உத்தரவிடுவது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்தின் ஹெரால்டு மன்னருடைய படை மேட்டில் கேடயச் சுவராக நின்றது. நார்மன் குதிரைவீரர்கள் அதை நேராக மோதி உடைக்க முடியவில்லை. ஓடும் நார்மன்களைத் துரத்திச் சரிவில் இறங்கிய ஆங்கிலேயர்கள்தான் சமவெளியில் வெட்டுப்பட்டார்கள். 1346இல் கிரெசியில் இன்னொரு பாடம். ஆங்கில வில்லாளர்கள் சரிவில் நிலையாக நின்றார்கள். பிரெஞ்சு மன்னருக்காகக் கூலிக்கு வந்த ஜெனோவாக் குறுக்குவில்லாளர்களின் பெரிய கேடயங்கள் பின்தங்கிய சாமான் வண்டிகளிலேயே இருந்துவிட்டன. அம்பு பூட்டும் நேரத்தில் மறைப்பு இல்லாமல் அவர்கள் சரிந்தார்கள். வார்பேண்டின் ரோடாக் குறுக்குவில்லாளர்கள் முதுகில் பெரிய கேடயத்தோடு வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கிரெசி நினைவு வரும்.

குதிரைவீரர்களுக்கு ஒரு தனி வித்தை உண்டு. நீள ஈட்டியோடு குதிரையை முழு வேகத்தில் விட்டால், எதையும் அழுத்தாமலே ஈட்டி தாழ்ந்து அக்குளில் இடுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் பட்டால் கேடயம் பிடித்தவரும் தப்புவது அரிது. ஆனால் ஈட்டி நீட்டி நிற்கும் ரோடாக் வரிசைக்கு நேராக அப்படிப் போகாதீர்கள். குத்துப்பட்ட குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றுவிடும், நின்ற குதிரைமேல் இருப்பவர் எல்லாருக்கும் எளிய இலக்கு.

பணம்

கடற்கொள்ளையர்களை வெல்லத் தெரிந்துவிட்டால் அவர்களே உங்கள் முதல் வருமானம். அவர்களின் இரும்புச் சட்டைகளும் தலைக்கவசங்களும் நல்ல விலைக்குப் போகும். நகரங்களில் நடக்கும் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் மேல் நீங்களே 100 தினார் வரை பந்தயம் கட்டலாம். வென்றால் பணமும் வரும், 20 புகழும் வரும். டுல்கா நகரில் மசாலாப் பொருள்கள் மலிவு, தொலைவில் கொண்டுபோய் விற்றால் லாபம்.

இவையெல்லாம் அன்றாடக் காசு. நிலையான வருமானத்துக்கு நகரத்தில் தொழில் தொடங்க வேண்டும். ஒரு நகரத்துக்கு ஒன்றுதான் அனுமதி. மாவு ஆலைக்கு முதலீடு குறைவு, வருமானமும் குறைவு. 10,000 தினார் போட்டு வெல்வெட் நெய்யும் சாயப்பட்டறை தொடங்குவதுதான் அனுபவசாலிகள் பலரின் தேர்வு, என் தேர்வும் அதுதான். கைக்கு வந்த முதல் பத்தாயிரத்தில் பளபளக்கும் கவசம் வாங்க மனம் துடிக்கும். கவசம் உங்கள் ஒருவரைக் காக்கும், பட்டறை வாராவாரம் படைக்கே சோறு போடும். இரண்டு நகரங்களில் பட்டறை ஓட ஆரம்பித்த பிறகு, சம்பள நாளை நினைத்துத் தூக்கம் கெடாது.

‘பேனர்லார்ட்’ ஆடுபவர்களுக்கு

வார்பேண்டின் அடுத்த பாகமான ‘பேனர்லார்ட்’ 2020 மார்ச்சில் முன்னோட்டமாகவும், 2022 அக்டோபரில் முழுமையாகவும் வந்தது. அங்கே குணங்கள் ஆறு, திறமைகள் 18. ஒரு திறமையைச் செய்து செய்துதான் அது வளரும். குதிரையேறினால் சவாரி, விற்றால் வணிகம். நாம் போடும் புள்ளிகள் எவ்வளவு வேகமாகக் கற்கலாம், எதுவரை போகலாம் என்பதைத்தான் மாற்றும். தோழர்களை மருத்துவர், சாரணர், பொறியாளர், பண்டகப் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லி நியமிக்கலாம். பண்டகப் பொறுப்பாளரின் திறமை, படைக்கு வகைவகையாகச் சாப்பாடு போட்டால் வளர்கிறது, வளர்ந்தால் படையின் அளவையே கூட்டுகிறது. சமையல் கட்டைக் கவனித்தவருக்குப் பெரிய படை என்பதை டேல்வேர்ல்ட்ஸ் வெளிப்படையாகவே விதியாக்கிவிட்டது. ஓர் எச்சரிக்கை: பேனர்லார்டில் தோழர்கள் சாவார்கள். நீங்களும் முதுமையடைந்து சாவீர்கள். வாரிசு தொடர்ந்து ஆடும்.

எப்போது அரசரிடம் சேர்வது?

மீண்டும் வார்பேண்டுக்கு. படையும் புகழும் ஓரளவு வளர்ந்ததும் அரசர்களிடமிருந்து அழைப்பு வரும். முதலில் கூலிப்படை ஒப்பந்தமாகச் சேருங்கள். அரசரின் போர்களில் நின்று புகழ் சேர்க்கலாம், காலம் முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறலாம். யார் எப்படிப்பட்ட பிரபு, எந்த எல்லை அடிக்கடி எரிகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். தனி அரசு அறிவிக்கும் ஆசையை வெகுகாலம் தள்ளிப்போடுங்கள். ஒரே கோட்டையோடு அரியணை ஏறியவரை அண்டை அரசுகள் விட்டுவைப்பதில்லை.

விசுவாசப் பிரமாணம் செய்தால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஏழைக் கிராமம். அடிக்கடி கொள்ளைபோன, வரி சரியாக வராத ஊராக அது இருக்கலாம். அங்கே மாவு ஆலை கட்டினால் செழிப்பு கூடும், காவல் கோபுரம் கட்டினால் எதிரி கொள்ளையடிக்க அதிக நேரம் பிடிக்கும். நான் முதலில் பள்ளிக்கூடம் கட்டச் சொல்வேன். அது மாதாமாதம் ஊராரின் நல்லெண்ணத்தைக் கூட்டும். நல்லெண்ணம் கூடிய ஊரில் ஆள் கேட்டுப் போனால் அதிகம் பேர் வருவார்கள். அவர்களில் பலர் தடியோடு வரும் புதியவர்களாக இல்லாமல், ஏற்கெனவே ஓரிரு படி ஏறிய சிப்பாய்களாகவே இருப்பார்கள்.